வண்டியைத் தூக்கிட்டாங்களா? எந்த செக்ஷன்னு முதல்ல கேளுங்க

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், காரைத் தூக்கிட்டு போயிட்டாங்க, காசு மேல காசு கேக்குறாங்க, என்ன பண்றது அக்கான்னு. எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன். ஒவ்வொருத்தர் வண்டியும் ஒவ்வொரு சட்டத்துல மாட்டியிருக்கு, ஆனா எல்லாரும் ஒரே வாசல்ல போய் நின்னு கெஞ்சிட்டு இருக்காங்க. நோ பார்க்கிங்ல தூக்கின வண்டிக்கு கோர்ட்டு வேண்டாம், ஆக்சிடென்ட் கேஸ்ல நிக்கிற வண்டிக்கு டிராஃபிக் போலீஸைப் பாத்து பிரயோஜனம் இல்ல, ஃபைனான்ஸ்காரங்க தூக்கின வண்டி ஸ்டேஷன்லயே இருக்காது. அதனால யாரா இருந்தாலும் முதல் கேள்வி இதுதான்: என் வண்டியை எந்த செக்ஷன்ல எடுத்தீங்க, அதுக்கு பேப்பர் குடுங்க.

மேற்கு மாம்பலத்துல இருந்து ஒரு வாசகர்: வக்கீல் அக்கா வணக்கம். தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட பாண்டி பஜார் போனோம். பார்க்கிங் கிடைக்கல, பக்கத்து தெருவுல ஒரு காம்பவுண்ட் ஓரமா விட்டுட்டு போயிட்டேன், ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்தா வண்டி இல்ல. திருடு போயிடுச்சுன்னு வீட்டுக்காரி அங்கயே அழுக ஆரம்பிச்சுட்டா. இஸ்திரி வண்டிக்காரர்தான் போலீஸ் கிரேன் வந்து தூக்கிட்டு போச்சுன்னு சொன்னார். போய் நின்னா ஃபைன் தனி, இழுத்த கூலி தனின்னாங்க, கூலிக்கு ரசீது கேட்டா தரல. முன்பக்க பம்பர் ஒரு சைடு தொங்குது. ரெண்டு மணி நேரத்துக்கே தூக்கலாமா? பம்பருக்கு யார் பொறுப்பு?

தூக்கலாம் தம்பி. மோட்டார் வாகனச் சட்டம் 127வது பிரிவுல 10 மணி நேரம்னு ஒரு கணக்கு வருது, அதைத்தான் நிறைய பேர் பிடிச்சுக்கிட்டு பேசுறாங்க, ஆனா அது பொது இடத்துல அனாதையா விட்டுட்டு போன வண்டிக்கு. பார்க்கிங்கே தடை பண்ணின இடத்துல நின்னா அந்த 10 மணி நேரம் கிடையாது, உடனே இழுக்கலாம், இல்லன்னா வீல் லாக் போடலாம். இழுத்த செலவும் ஓனர் தலையிலதான்னு அதே பிரிவு சொல்லுது. 201வது பிரிவுல டிராஃபிக்கை மறிச்சு நின்னா 500 ரூபா வரைக்கும் அபராதம், அதோட அப்புறப்படுத்தின செலவு, அந்த செலவுக்குள்ள வண்டியை வச்சிருந்த வாடகையும் அடங்கும்னு 2019 திருத்தத்துல சேத்துட்டாங்க. தமிழ்நாட்டுல புது அபராதத் தொகை 2022 அக்டோபர்ல வந்துச்சு, சாதாரண நோ பார்க்கிங்னா முதல் தடவை 500, அடுத்த தடவைல இருந்து 1500.

ஆனா அவங்க பக்கமும் கட்டுப்பாடு இருக்கு, இதை யாரும் கேக்குறதே இல்ல. இழுக்கச் சொல்றது யூனிஃபார்ம்ல இருக்கிற, அந்த ஏரியாவுக்கு அதிகாரம் உள்ள போலீஸ் அதிகாரியா இருக்கணும். கிரேன்ல தொங்கிட்டு வர்ற பையன் தன் இஷ்டத்துக்கு தூக்க முடியாது. அதனால எந்த அதிகாரி சொல்லி தூக்கினீங்க, என்ன பேரு, எத்தனை மணிக்குன்னு கேளுங்க, கோவப்படாம கேளுங்க. ஃபைனுக்கு மெஷின்ல சலான் வரும், இழுத்த கூலிக்கும் ரசீது வரணும், ரசீது இல்லாத பணம் எங்க போகுதுன்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். தரலன்னா பணம் கட்டின தேதி, நேரம், தொகை, ஆள் அடையாளம் எழுதி வச்சுக்கிட்டு அந்த சரக டிராஃபிக் இன்ஸ்பெக்டருக்கு எழுத்துல புகார் குடுங்க, கமிஷனர் ஆஃபீஸுக்கு ஒரு காப்பி ரிஜிஸ்டர் தபால்ல போடுங்க. ஜிபேல கட்டியிருந்தா ரொம்ப நல்லது, அதுவே சாட்சி.

பம்பர் விஷயம்தான் கஷ்டம். வண்டியை வெளிய ஓட்டிட்டு வந்துட்டா அப்புறம் "இது எங்ககிட்ட வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு"ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. சாவியைப் போடுறதுக்கு முன்னாடி, வண்டி நிக்கிற இடத்துலயே, நாலு பக்கமும் வீடியோ எடுக்கணும், ஓடோமீட்டரையும் எடுக்கணும், அங்க இருக்கிற ரிஜிஸ்டர்ல கையெழுத்து போடும்போது "முன் பம்பர் சேதம்"னு அதே இடத்துல எழுதிட்டு கையெழுத்து போடணும். நீங்க எழுதல போலிருக்கு. பரவால்ல, இழுக்குறதுக்கு முன்னாடி எடுத்த ஃபேமிலி போட்டோ எதுலயாவது பின்னால கார் தெரியுதான்னு போன்ல தேடிப் பாருங்க, தீபாவளி பர்ச்சேஸ்னு சொல்றீங்க, கண்டிப்பா ஒரு செல்ஃபியாவது இருக்கும். அந்த தெருவுல சிசிடிவி இருக்கிற வீட்டுலயும் சீக்கிரம் கேளுங்க, பழைய பதிவு அழிஞ்சிடும். இன்சூரன்ஸ்ல கிளெய்ம் பண்ணலாம், ஆனா பண்ணினா நோ கிளெய்ம் போனஸ் போயிடும், அது கிளெய்ம் பண்ணாம இருந்தா பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடி, முதல் வருஷம் 20 பர்சென்ட்ல ஆரம்பிச்சு 50 வரைக்கும் ஏறுற விஷயம், அதனால பம்பர் ரிப்பேர் எவ்வளவு, போனஸ் எவ்வளவுன்னு கணக்கு போட்டுட்டு முடிவு பண்ணுங்க.

இதை நான் புஸ்தகத்துல படிச்சு மட்டும் சொல்லல. எங்கப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல வண்டியைப் போட்டுட்டு அவரைக் கைத்தாங்கலா உள்ள கூட்டிட்டு ஓடினேன், மறுநாள் சாயந்திரம் வெளிய வந்தா வண்டி இல்ல. அப்பா ஐசியூல இருக்கார், வண்டியாவது மண்ணாவதுன்னு நாலு நாள் போகவே இல்ல நான். டிக்கியில அவரோட பழைய எக்கோ ரிப்போர்ட் ஃபைல் இருந்துச்சு, டாக்டர் கேக்குறார், என்கிட்ட இல்ல. அஞ்சாவது நாள் போனப்போ ஃபைன் என்னமோ சின்னதுதான், வச்சிருந்த நாளுக்கான வாடகைதான் அதை விட பெருசா நின்னுச்சு. நாம போக முடியலன்னா ஆர்சி காப்பியும் ஒரு அதிகாரக் கடிதமும் குடுத்து தம்பியையோ பக்கத்து வீட்டுக்காரரையோ அன்னைக்கே அனுப்பிடணும், வண்டி வரலைன்னாலும் உள்ள இருக்கிற மருந்து, ரிப்போர்ட், சர்டிஃபிகேட்டையாவது எழுதிக் குடுத்து வாங்கிட்டு வரணும். ஆர்சியும் லைசென்ஸும் டிஜிலாக்கர்லயோ எம்பரிவாகன்லயோ காட்டினா போதும், 2018ல இருந்தே அது செல்லும்.

தாம்பரம் பக்கத்துல இருந்து ஒரு வாசகி: அக்கா, என் தம்பி ஓட்டிட்டு போன கார் ஜிஎஸ்டி ரோட்ல ஒரு பைக்கோட மோதிடுச்சு. பைக்ல வந்தவருக்கு கால் முறிவு. கார் என் பேர்ல இருக்கு. நாலு மாசமா ஸ்டேஷன் பக்கத்துல வெட்டவெளியில நிக்குது, மழையில நனைஞ்சு டயர் இறங்கி, கீழ புல்லே முளைச்சிடுச்சு. கேட்டா கேஸ் முடிஞ்சாதான் தருவோம்ங்கறாங்க. கேஸ் முடிய எத்தனை வருஷம் ஆகுமோ. லோன் வேற போயிட்டு இருக்கு.

முதல்ல, அந்த பைக்காரர் எப்படி இருக்கார்னு உங்க கேள்வியில இல்லம்மா. கால் முறிஞ்சவருக்கு நாலு மாசமா வேலை இருந்திருக்காது. உங்க கார் இன்சூரன்ஸ் பாலிசி விவரம் அவருக்குப் போய்ச் சேந்துச்சான்னு பாருங்க, தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இருக்கிறதே அவருக்காகத்தான்.

இப்ப வண்டி. கேஸ் முடிஞ்சாதான்னு சொல்றது சரியில்ல. மோட்டார் வாகனச் சட்டம் 136வது பிரிவைப் பாருங்க, விபத்துல சிக்கின வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பாத்து ஆய்வு முடிச்சதும் 24 மணி நேரத்துல திருப்பித் தரணும்னு இருக்கு. நாலு மாசத்துல ஆய்வு கண்டிப்பா முடிஞ்சிருக்கும், அந்த ரிப்போர்ட் காப்பி கேட்டு வாங்குங்க. ஸ்டேஷன்ல தரலன்னா அங்க போய் நாளைக் கழிக்காதீங்க, உங்க ஏரியா மாஜிஸ்திரேட் கோர்ட்ல வண்டியைத் திருப்பிக் கேட்டு மனு போடுங்க. 2024 ஜூலை 1க்கு முன்னாடி பழைய குற்ற நடைமுறைச் சட்டமான சிஆர்பிசி 451, 457ன்னு போட்டுட்டு இருந்தோம், இப்ப அதே விஷயம் அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் 497, 503. வண்டியை கோர்ட் முன்னாடி ஒப்படைச்சிருந்தா 497, பறிமுதல் பண்ணினதா ரிப்போர்ட் மட்டும் போயிருந்தா 503. ஆர்சி, இன்சூரன்ஸ், எஃப்ஐஆர் காப்பி, ஆய்வு ரிப்போர்ட், உங்க அஃபிடவிட், இது இருந்தா போதும். கார் உங்க பேர்ல இருக்கிறதால மனு நீங்கதான் போடணும், தம்பி இல்ல.

வாதத்துக்கு ஒரே ஒரு தீர்ப்பு கையில வச்சுக்குங்க, 2002ல சுப்ரீம் கோர்ட் குடுத்த சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கு. பிடிச்ச வண்டியை ஸ்டேஷன்ல ரொம்ப நாள் போட்டு வைக்கிறதுல எந்த பிரயோஜனமும் இல்ல, போட்டோ எடுத்துக்கிட்டு, பத்திரம் எழுதி வாங்கிக்கிட்டு, தேவைப்பட்டா ஜாமீன் கேட்டு ஓனர்கிட்ட குடுத்துடணும்னு தெளிவா சொல்லியிருக்காங்க. அந்த தீர்ப்பு வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னமும் நம்ம ஊர்ல எந்த ஸ்டேஷன் பக்கம் போனாலும் துருப்பிடிச்ச வண்டிங்க வரிசையா நிக்குது, ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தர் கடன் வாங்கி வாங்கினது, பாக்குறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும். கோர்ட் நிபந்தனை போடும், விக்கக் கூடாது, கலர் மாத்தக் கூடாது, கூப்பிடும்போது கொண்டு வந்து காட்டணும்னு. அதுக்கு ஒத்துக்குங்க. விபத்து நடந்த அன்னைக்கு இன்சூரன்ஸ் உயிரோட இல்லன்னா மட்டும் கதை வேற, அடிபட்டவருக்கு நஷ்ட ஈடு கிடைக்கிற மாதிரி பணமோ சொத்தோ உத்தரவாதம் காட்டச் சொல்வாங்க.

ஆர்டர் கிடைச்ச சந்தோஷத்துல அங்கயே சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணிடாதீங்க. நாலு மாசம் மழையில நின்ன வண்டி, பேட்டரி செத்திருக்கும், பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்கும், எலி ஒயரைக் கடிச்சிருக்கும், தண்ணி ஏறியிருந்தா ஸ்டார்ட் பண்ணின உடனே என்ஜினே போயிடும். ஃபிளாட்பெட்ல, அதாவது காரையே மேல ஏத்திட்டு போற தட்டையான வண்டியில ஏத்தி மெக்கானிக்கிட்ட கொண்டு போங்க, ரெண்டு மூணு இடத்துல ரேட் கேட்டுட்டு கூப்பிடுங்க, கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஏத்தி இறக்குற கூலி தனியா சேந்தான்னு முன்னாடியே வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கிடுங்க.

திருச்சியில இருந்து ஒரு அம்மா: பிளஸ் டூ படிக்கிற பையன், 17 வயசு, எங்களுக்குத் தெரியாம அவங்கப்பா காரை எடுத்துட்டு போய் செக்கிங்ல மாட்டிக்கிட்டான். வண்டி மட்டும் திரும்பக் கிடைச்சா போதும்.

இல்லம்மா, வண்டி இதுல கடைசி விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவுல பெத்தவங்க மேலயோ ஓனர் மேலயோதான் கேஸ், 25,000 ரூபா அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், வண்டி ரெஜிஸ்ட்ரேஷன் 12 மாசத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. உங்களுக்குத் தெரியாம எடுத்தான்னோ, எடுக்காம இருக்க நீங்க கவனமாத்தான் இருந்தீங்கன்னோ நிரூபிச்சா தப்பிக்க வழி இருக்கு, சாவி எங்க இருந்துச்சுங்கறதுல இருந்து எல்லாம் கேப்பாங்க. உடனே ஒரு வக்கீலைப் பாருங்க. பையனை அடிக்காதீங்க, ஆனா இதையெல்லாம் அவனையும் பக்கத்துல உக்கார வச்சுப் பேசுங்க, யாரையும் இடிக்காம திரும்பி வந்திருக்கான், அதுக்கு சாமிக்கு ஒரு விளக்கு போடுங்க.

சேலத்துல இருந்து ஒரு கால் டாக்சி ஓட்டுநர்: மூணு டியூ பாக்கி அக்கா, ஒத்துக்குறேன். ராத்திரி 9 மணிக்கு கஸ்டமரை இறக்கி விட்டுட்டு வரும்போது நாலு பேர் பைக்ல வந்து மறிச்சு, சாவியைப் பிடுங்கி வண்டியை சீஸ் பண்ணிட்டு போயிட்டாங்க. இப்ப டியூ மட்டும் கட்டினா போதாதாம், சீசிங் சார்ஜ் தனி, யார்டு வாடகை ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு சொல்றாங்க. வண்டி இல்லாம எப்படி சம்பாதிச்சு கட்டுறது?

பாக்கி இருக்குங்கறதால உங்களை ரோட்ல மறிக்க யாருக்கும் அதிகாரம் வந்துடாது தம்பி. கடன் வசூலுக்கு அடியாள் வைக்கக் கூடாதுன்னு 2007லயே சுப்ரீம் கோர்ட் கண்டிச்சு சொல்லிடுச்சு. வசூலுக்கு போன் பண்றதுக்கே காலைல 8ல இருந்து சாயந்திரம் 7 வரைக்கும்தான்னு ஆர்பிஐ 2022 ஆகஸ்ட்ல சுற்றறிக்கை விட்டிருக்கு. பலவந்தமா பிடுங்கினா அதே நிமிஷம் 100க்கு அடிக்கணும், அந்த கால் பதிவே நாளைக்கு உதவும். இப்ப அடிக்காம விட்டிருந்தாலும் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து ரசீது வாங்குங்க, வண்டிக்குள்ள இருந்த பொருள் லிஸ்டும் சேத்து எழுதுங்க.

அடுத்தது, நீங்க கையெழுத்து போட்ட லோன் அக்ரிமென்ட் காப்பியைக் கேட்டு வாங்குங்க, பெரும்பாலும் யாரும் அதைப் படிக்கிறதே இல்ல. வண்டியை எடுக்குறதுக்கு முன்னாடி எத்தனை நாள் நோட்டீஸ், எடுக்குற முறை என்ன, விக்கறதுக்கு முன்னாடி கடைசி வாய்ப்பு எப்படி, பணம் கட்டினா எப்படி திருப்பித் தரணும், இதெல்லாம் அக்ரிமென்ட்ல இருக்கணும்னு ஆர்பிஐ சொல்லுது. சீசிங் சார்ஜும் யார்டு வாடகையும் எந்த வரியில இருக்குன்னு கேளுங்க. அதுல இல்லாத சார்ஜைக் கட்ட வேண்டியதில்ல. கம்பெனிக்கு ஈமெயில்ல புகார் போடுங்க, 30 நாளுக்குள்ள பதில் வரலன்னாலோ பதில் திருப்தி இல்லன்னாலோ ஆர்பிஐயோட குறைதீர்ப்பு அதிகாரியான ஆம்புட்ஸ்மேன்கிட்ட ஆன்லைன்லயே போகலாம், காசு கிடையாது, வக்கீலும் தேவையில்ல.

ஆனா 30 நாள் நீங்க காத்திருக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும், டாக்சிக்காரருக்கு 30 நாள்ங்கறது ஒரு குடும்பத்தோட சாப்பாடு. அதனால இன்னொரு பக்கம் பேச்சும் நடக்கட்டும். பிராஞ்ச் மேனேஜர்கிட்ட நேரா போய், ஒரு டியூ இப்ப, மீதி ரெண்டு மாசத்துலன்னு எழுத்துல குடுங்க, கையில காசு தராதீங்க, லோன் அக்கவுன்ட்ல போடுங்க. வண்டியை ஏலம் விட்டுட்டாங்கன்னா கடன் போக மீதி பணம் உங்களுக்குத்தான் வரணும், என்ன விலைக்கு வித்தாங்கன்னு கணக்கு கேக்குற உரிமை உங்களுக்கு உண்டு.

மதுரையில இருந்து ஒரு பெரியவர்: நான் மூணு வருஷம் முன்னாடி வித்த காரை ஏதோ கேஸ்ல பிடிச்சு வச்சிருக்காங்களாம். ஸ்டேஷன்ல இருந்து எனக்கு போன் வருது. வாங்கினவர் பேர் மாத்தவே இல்ல.

ஐயா, ஆர்சியில யார் பேர் இருக்கோ அவர்தான் சட்டத்துக்கு ஓனர், 2018ல சுப்ரீம் கோர்ட்டும் அதைத்தான் உறுதி பண்ணியிருக்கு. வித்ததும் 14 நாளுக்குள்ள நீங்க ஆர்டிஓவுக்கு தெரிவிச்சிருக்கணும், அதுக்குத்தான் ஃபார்ம் 29. நம்பி ஃபார்ம்ல வெறும் கையெழுத்து போட்டு குடுத்துட்டீங்க போலிருக்கு, நம்ம ஊர்ல முக்கால்வாசி பேர் அப்படித்தான் செய்றாங்க. போனை எடுக்காம இருக்காதீங்க. வித்த ஒப்பந்தம், பேங்க்ல பணம் வந்த பதிவு, டெலிவரி நோட், வாங்கினவர் ஆதார் காப்பி, எது இருக்கோ அதை எடுத்துட்டு போய் விசாரணை அதிகாரிகிட்ட எழுத்துல குடுத்து காப்பியில சீல் வாங்குங்க. வண்டியைத் திருப்பி எடுக்க "நீங்க வந்து கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னு வாங்கினவர் கெஞ்சுவார், வாங்கினவர் பேருக்கு மாத்துற வேலையை ஆர்டிஓல ஆரம்பிக்காம போடாதீங்க. பத்திரத்துல கையெழுத்து போட்டா நாளைக்கு கோர்ட் கூப்பிடுறது உங்களைத்தான்.

செங்கல்பட்டுல இருந்து ஒரு வாசகர்: ஹைவேல ஆட்டோமேட்டிக் கார் நின்னுடுச்சு, பின்னாலயே ஒரு ரெக்கவரி வண்டி வந்து நின்னு பெரிய தொகை கேட்டான், வேற வழியில்லாம குடுத்துட்டேன். போலீஸ் வந்து ஃபைன் போடுவாங்கன்னு பயமுறுத்தினான்.

ஃபைன் பயம் பொய். எதிர்பாராம பிரேக்டவுன் ஆகி, அப்புறப்படுத்துற வேலை நடந்துட்டு இருக்கிற வண்டிக்கு 201வது பிரிவு அபராதம் பொருந்தாதுன்னு அதே பிரிவுல எழுதியிருக்கு. தேசிய நெடுஞ்சாலைன்னா முதல்ல நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கு அடிங்க, டோல் வசூல் பண்ற ரோட்ல கிரேனும் ரோந்து வண்டியும் வச்சிருக்கிறது அந்த டோல்காரங்க பொறுப்பு. அடுத்தது உங்க இன்சூரன்ஸ் பேப்பர்ல ரோட்சைட் அசிஸ்டன்ஸ் இருக்கான்னு பாருங்க, நிறைய பேர் அதுக்கு காசு கட்டியிருப்பாங்க, கட்டினதே தெரியாது. அது இல்லாத சாதாரண பாலிசியில விபத்துல அடிபட்ட காரை இழுத்துட்டு போக 1,500 ரூபா வரைக்கும் வரும், வெறும் பிரேக்டவுனுக்கு வராது.

இன்னொண்ணு, ஆட்டோமேட்டிக்கை நாலு சக்கரமும் தரையில உருள கயிறு கட்டி இழுக்க விடாதீங்க, கியர்பாக்ஸ் போயிடும், இழுத்த கூலியை விட அந்த செலவு பல மடங்கு. ஃபிளாட்பெட்னு கேட்டு வாங்குங்க. எலக்ட்ரிக் காருக்கும் அதேதான். டிக்கியில ஸ்டெப்னி பக்கத்துல ஜாக்கியோட ஒரு இரும்பு கொக்கி இருக்கும், பம்பர்ல சின்ன மூடி திறந்து அதைத் திருகி மாட்டித்தான் வண்டியை மேல இழுக்கணும், அச்சுலயோ சஸ்பென்ஷன்லயோ சங்கிலி போட்டா தடுத்துடுங்க. அந்த கொக்கி உங்க வண்டியில இருக்கான்னு இன்னைக்கே டிக்கியைத் திறந்து பாத்துட்டு எனக்கு எழுதுங்க.